சாரணரை உளவாளி ஆக்காதீர்கள்

ஆங்கிலப் படங்களின் தமிழ் வசனவரிகளில் 'ஸ்கவுட்' வந்தால் சிலர் கண்ணை மூடிக்கொண்டு 'உளவாளி' என்று போடுகிறார்கள். கொஞ்சம் யோசிக்கிறவர்கள் 'சிறுவர் படை' என்கிறார்கள். இரண்டும் தவறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே அறிந்த 'சாரணர்' இருக்க இந்தத் திண்டாட்டம் எதற்கு?

'ஸ்கவுட்' பழைய பிரெஞ்சு மொழியில் 'கேள்' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. முன்னே போய் எதிரியின் நிலவரம் அறிந்து வரும் படையாளை முதலில் குறித்தது. ராணுவ அதிகாரியான பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களுக்கு முகாம் நடத்தி, 1908இல் புத்தகமும் எழுதினார். அதோடு சாரணர் இயக்கம் பிறந்து, அந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கை தொடங்கிவிட்டது.

1989இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் காட்சி 1912இல், யூட்டாவில் நடக்கிறது. சாரணர் சீருடையில் இருக்கும் சிறுவன் ஒரு குகைக்குள் மறைந்து நின்று, புதையல் திருடர்களைப் பார்க்கிறான். அவர்கள் எடுத்த சிலுவை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியது என்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவனை 'உளவாளி' என்று எழுதினால் என்ன ஆகும்? மறைந்து நின்று பார்க்கிறான் அல்லவா, யாரோ வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்றே பார்ப்பவர் நினைப்பார். அவனை யாரும் அனுப்பவில்லை. தப்பு நடக்கிறது, தடுக்க வேண்டும் என்று அவனுக்கே தோன்றியது. காட்சியின் உயிரே அதுதான்.

'சிறுவர் படை' இன்னும் ஆபத்தானது. செய்தி படிக்கிறவர்களுக்கு அந்தத் தொடர், துப்பாக்கி பிடிக்கவைக்கப்பட்ட குழந்தைகளைத்தான் நினைவூட்டும். 1965ஆம் ஆண்டில் ஒரு தீவில் நடப்பதாக வெஸ் ஆண்டர்சன் எடுத்த 'மூன்ரைஸ் கிங்டம்' படத்தில், காக்கிச் சாரணர் முகாமிலிருந்து விலகல் கடிதம் எழுதிவைத்துவிட்டு ஒரு சிறுவன் ஓடிப்போகிறான். அவனைப் படையிலிருந்து தப்பியவன் ஆக்கினால், காதலும் குறும்பும் கலந்த கதை வேறு கதையாகிவிடும்.

சரி, 'சாரணர்' வடசொல்தானே, 'ஒற்றர்' தூய தமிழாயிற்றே என்று ஒரு தரப்பு கேட்கும். வடமொழி வேர் என்பது உண்மை. அகராதியில் அதற்கு ஒற்றன் என்ற பொருளும் உண்டு. ஆனால் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் வணங்குவது சாரணரைத்தான். அங்கே அவர்கள் அறம் சொல்லித் திரியும் துறவிகள். தமிழில் இத்தனை காலம் புழங்கி, உலாவுதலும் அறமும் சேர்ந்து ஒலிக்கும் சொல்லைத் தூய்மையின் பெயரால் தள்ளிவிட்டு, வேவை மட்டும் குறிக்கும் சொல்லை எடுப்பது எந்த வகையில் தமிழுக்கு நன்மை?

இயக்கத்தாரோ தங்கள் சொற்களை எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். சிறு பிள்ளைகளுக்குக் குருளையர், சிறுமிகளுக்கு நீலப் பறவையர், அப்புறம் சாரணர், சாரணியர், வயதில் மூத்தவர்களுக்குத் திரிசாரணர். குருளை என்பது ஓநாய், சிங்கம் போன்றவற்றின் குட்டி. குட்டியைக் குறிக்கும் ஆங்கிலக் 'கப்' (cub) என்பதற்கு இதைவிட அழகாக யார் சொல் தந்துவிட முடியும்? மொழிபெயர்ப்பவர்கள் பக்கத்துப் பள்ளியின் சாரண ஆசிரியர் ஒருவரிடம் கேட்டிருந்தாலே போதும். கேட்பதில்லை. சாரணர் அணியைக் குறிக்கும் 'பாட்ரோல்' போலீஸ் 'ரோந்து' ஆவதும் இப்படித்தான்.

சத்தியம் செய்யும்போது சொல்லும் 'ஸ்கவுட்ஸ் ஆனர்' என்பதைச் 'சாரணர் மரியாதை' என்று எழுதும்போதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. சாரணர் விதிகளில் முதலாவதே, சாரணர் நம்பத்தக்கவர் என்பது. பொய் சொல்லவில்லை என்று ஒரு பையன் மூன்று விரல் தூக்கிச் சத்தியம் செய்கிறான். அங்கே 'சாரணன் சொல்றேன், நம்பு' என்று எழுதினால் யாருக்கும் புரியும்.