குறை எடைகளைக் கரைக்கும் உயரக் கணக்கு

ஊர்களைப் போன்ற முனைகளைச் சாலைகளைப் போன்ற விளிம்புகள் இணைக்கும் அமைப்புதான் கோட்டுரு; ஒரு விளிம்பைக் கடக்க ஆகும் செலவே அதன் எடை. கோட்டுருவில் சில விளிம்புகளின் எடை குறை எண்ணாக இருந்தால், எல்லா எடைகளோடும் ஒரே எண்ணைக் கூட்டிவிட்டு, மொத்த எடை மிகக் குறைந்த (அதாவது மிகக் குறுகிய) பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ராவின் அல்காரிதத்தையே பயன்படுத்தக் கூடாதா என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

அ-விலிருந்து ஆ-வுக்கு நேர்வழியின் எடை 2 என்றும், அ-விலிருந்து இ-க்கு 5, இ-யிலிருந்து ஆ-வுக்கு −4 என்றும் கொள்வோம். இ வழியாகச் சுற்றிப் போனால் மொத்தம் 1தான். ஆனால் 1959இல் வெளியான டைக்ஸ்ட்ராவின் முறை, அருகிலுள்ள முனையின் தூரத்தை முதலில் முடிவுசெய்துவிடுவதால், ஆ-வுக்கு 2 என்று எழுதிவிடும். ஒவ்வொரு விளிம்போடும் 4 கூட்டினாலோ நேர்வழி 6, சுற்றுவழி 9 என்றாகி, விளிம்புகள் அதிகமுள்ள பாதை வீணாகத் தோற்றுவிடும்.

இனி மலைச்சாலையில் செல்லும் மின்சாரக் காரைப் பாருங்கள். ஏற்றத்தில் மின்சாரம் செலவாகிறது; இறக்கத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்புவதால் அந்தச் சாலைத்துண்டின் எடை குறை எண்ணாகிறது. ஒவ்வொரு துண்டின் எடையோடும் அது தொடங்கும் இடத்தின் உயர ஆற்றலைக் கூட்டி, முடியும் இடத்தின் உயர ஆற்றலைக் கழித்தால், உராய்வு போன்ற இழப்புகள் மட்டுமே மிஞ்சும். அவை ஒருபோதும் குறை எண்ணாகா. இடையில் வரும் ஊர்களின் உயரங்கள் ஒருமுறை கழிந்து ஒருமுறை கூடி மறைந்துவிடுவதால், அதே இரு ஊர்களுக்கிடையிலான எல்லாப் பாதைகளும் ஒரே அளவில்தான் மாறுகின்றன, ஆகவே எது குறுகியதோ அதுவே குறுகியதாக நீடிக்கிறது.

மலையே இல்லாத கோட்டுருவுக்கும் இப்படி உயரங்களைக் கொடுக்கலாம் என்று 1977இல் கணினி அறிவியலாளர் டொனால்டு ஜான்சன் காட்டியதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரு முனையிலிருந்து மற்றவற்றுக்கு உள்ள குறுகிய தூரங்களே அந்த உயரங்கள். நம் எடுத்துக்காட்டில் அ-வுக்கு 0, இ-க்கு 5, ஆ-வுக்கு 1. புதிய எடைகள் நேர்வழிக்கு 1, சுற்றுவழியின் இரு விளிம்புகளுக்கும் 0. இந்த உயரங்களை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், பிறகு எந்த முனையிலிருந்தும் டைக்ஸ்ட்ராவின் முறையை நம்பி ஓட்டலாம். சுற்றிச்சுற்றி வந்து செலவைக் குறைத்துக்கொண்டே போகும் குறைச் சுழற்சி இருந்தால் மட்டும் உயரமும் இல்லை, குறுகிய பாதையும் இல்லை.

உயரங்களைக் கண்டுபிடிக்க 1950களின் பெல்மன்–ஃபோர்டு முறை எல்லா விளிம்புகளையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறது, அதனால் மெதுவானது. எடைகள் முழு எண்களாக இருந்தால், விளிம்புகளின் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட நேர்விகிதமான நேரத்திலேயே இதை முடிக்கலாம் என்று 2022இல் பெர்ன்ஸ்டைன், நனோங்கை, வுல்ஃப்-நில்சன் ஆகியோர் நிறுவினார்கள். இத்தனை பழைய கேள்விக்கு விடை வர இவ்வளவு காலம் பிடித்ததென்றால், மூன்றாண்டில் பயன் காட்டு என்று கேட்கும் நிதியுதவி முறை அடிப்படை ஆய்வுக்குப் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. எடைகள் பின்னங்கள் உட்பட எந்த மெய்யெண்ணாக இருந்தாலும் பெல்மன்–ஃபோர்டை மிஞ்ச முடியும் என்று 2024இல் ஜெரெமி ஃபைன்மன் காட்டினார். அவர் கையாண்டதும் உயரங்களைப் படிப்படியாகத் திருத்தும் இதே உத்திதான்.