ஓங்கிய கையைப் பிடிக்கலாம்

குலசேகரம் பக்கம் ஒரு டீக்கடை. பேச்சு மரச்சீனியில், அதாவது மரவள்ளிக் கிழங்கில், தொடங்கியது. ராத்திரி காட்டுப்பன்றி இறங்கி மொத்தத்தையும் கிளறிப் போட்டுவிட்டதாம். 'ஒரு லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் தெரியும்' என்றார் ஒருவர். வீட்டில் துப்பாக்கி வைப்பது ஆபத்து என்றார் இன்னொருவர். ரப்பர் பால்வெட்டு முடித்து வந்திருந்த பெரியவர் சிரித்தார்.

"எல்லா வீட்லயும் வெட்டோத்தி கெடக்கு மக்களே. அதுக்குன்னு தெனமும் வெட்டிகிட்டா கெடக்கோம்? செய்யது மனுசன்லா, சாமானா?"

வெட்டோத்தி என்றால் வெட்டுக்கத்தி. நியாயமான கேள்விதான். கூண்டில் ஏறுவது ஆள், ஆயுதம் இல்லை. ஆனால் ஒரே கோபம் எந்தக் கருவி வழியாக வெளியே வருகிறது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு கிலோ வெட்டுக்கத்தியை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இறக்கினால் கத்தியின் ஆற்றல் 50 ஜூல். அது முழுக்கத் தோளிலிருந்து வர வேண்டும்; அடுத்த வெட்டுக்கு மறுபடி ஓங்க வேண்டும். பன்னிரண்டு போர் (12-bore) வேட்டைத் துப்பாக்கியில் மொத்தம் 30 கிராம் ஈயக் குண்டுகள் விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போகின்றன என்று வையுங்கள். 2,400 ஜூல். 15 மீட்டர் தென்னையிலிருந்து ஒன்றரைக் கிலோத் தேங்காய்கள் பதினொன்று ஒரே நேரத்தில் விழுவதற்குச் சமம். விரல் செலவழிப்பதோ? ட்ரிகர் சில மில்லிமீட்டர் நகர 0.1 ஜூல் போதும். மீதியை வெடிமருந்து பார்த்துக்கொள்கிறது.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நேரம். பெரியவர் தன் மணிக்கட்டைக் காட்டினார். எல்லைத் தகராறில் ஓங்கிய கையை மச்சினன் எட்டிப் பிடித்தபோது ஏற்பட்ட நகக்கீறல், இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. கத்திச் சண்டையில் எதிராளி ஓடலாம், ஊர்க்காரர் விலக்கலாம், இரண்டாவது வெட்டுக்கு முன் வெட்டுகிறவனுக்கே புத்தி வரலாம். இருபதடி தூரத்தில் ட்ரிகரில் இருக்கும் விரலை எந்த மச்சினன் பிடிப்பது?

சிகாகோ காவல்துறைப் பதிவுகளை வைத்து அமெரிக்கச் சட்ட ஆய்வாளர் பிராங்க்ளின் ஜிம்ரிங் 1968-ல் இதைக் காட்டினார். கத்தித் தாக்குதலைவிடத் துப்பாக்கித் தாக்குதலில் சாவு விகிதம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. கொல்லத் துணிந்தவன்தானே துப்பாக்கி எடுப்பான் என்று கேட்கலாம். ஆனால் இரண்டுமே பெரும்பாலும் ஒரே மாதிரிச் சண்டைகள்: தெரிந்தவர்கள், வாய்த்தகராறு, குடி.

ஆயுதம் கண்ணில் பட்டாலே கோபம் கூடுமா? 1967-ல் உளவியல் ஆய்வாளர்கள் பெர்கோவிட்ஸும் லெபேஜும் அப்படித்தான் சொன்னார்கள். சீண்டப்பட்ட மாணவர்கள், மேஜையில் துப்பாக்கி கிடந்தபோது, சீண்டியவருக்கு அதிக மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு நடந்த சில சோதனைகளில் அந்த விளைவு கிடைக்கவில்லை. அதனால் இதை நான் அழுத்திச் சொல்லமாட்டேன்.

சரி, பெரியவர் சொன்ன மனுசனின் பொறுப்பு? அது சுடும் நொடிக்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. தோட்டாவைத் தனிப் பூட்டில் வைத்தோமா, குடிக்கிற நாளில் சாவி யாரிடம் என்பதெல்லாம் அதில் சேரும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் லைசென்ஸ் கேட்பதும், 2019 திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் இந்த முன்நேரத்தில்தான் கைவைக்கின்றன. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வெட்டோத்தியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் தேங்காயை எதால் வெட்டுவது?