டைமிங் ரிப்போர்ட்டில் சிவப்பு இல்லையா? எதைச் சோதிக்கவில்லை என்று பாருங்கள்

சிப் டிசைனில் டைமிங் பார்ப்பது, அதாவது சிக்னல்கள் நேரத்துக்குள் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பது, என் வேலை. நாகர்கோவிலுக்கு வரும்போதெல்லாம் சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ப்ராஜெக்டோடு வீட்டுக்கு வருவார்கள். போன முறை மார்த்தாண்டம் பக்கமிருந்து வந்த மாணவி, எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) போர்டில் ஒரு டிஜிட்டல் ஃபில்டர் செய்திருந்தார்.

"சார், சிமுலேஷன்ல எல்லாம் செரியா வருது. ஏசி லேப்ல போர்டும் நல்லா ஓடுது. கண்காட்சியில மத்தியானம் ஷெட்டுக்குள்ள வச்சப்போ விடை தப்பா வந்துட்டு."

"டைமிங் ரிப்போர்ட் பாத்தியா மக்ளே?"

"பாத்தேன் சார். செவப்பே இல்ல."

எஃப்பிஜிஏ வடிவமைக்கும் விவாடோ மென்பொருளில் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தேன். பிழையைக் காட்டும் சிவப்பு இல்லைதான். ஆனால் மிச்ச நேரம் (கெடுவுக்குள் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற எண், மைனஸ் என்றால் பிழை) இருக்க வேண்டிய கட்டத்தில் எண்ணே இல்லை, 'என்ஏ' என்று இருந்தது. கீழே, பயனர் டைமிங் கட்டுப்பாடு எதையும் கொடுக்கவில்லை என்று ஒரு வரி. கட்டுப்பாட்டுக் கோப்பைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. ஹாஷ் குறியோடு தொடங்கும் வரியைக் கருவி படிக்காது. போர்டோடு வந்த மாதிரிக் கோப்பில், சுற்றுக்குத் தாளம் போடும் கிளாக் எந்தப் பின்னில் என்று சொல்லும் வரியின் முன்னால் இருந்த ஹாஷை எடுத்திருக்கிறார். அதற்கு அடுத்த வரி, கிளாக்கின் வேகத்தைச் சொல்வது, அதன் ஹாஷ் அப்படியே நிற்கிறது. வேகம் தெரியாத கருவி எதை வைத்துத் தாமதம் என்று சொல்லும்?

இந்தக் கருவிகள் செய்வது ஸ்டாட்டிக் டைமிங் அனாலிசிஸ். சிமுலேஷன் நாம் கொடுக்கும் உள்ளீடுகளை மட்டும் ஓட்டிப் பார்க்கும். இரண்டு 64 பிட் எண்களைக் கூட்டும் சுற்றுக்கே 2-இன் அடுக்கு 128 உள்ளீடுகள் உண்டு, அத்தனையையும் ஓட்ட முடியாது. மேலும், சாதாரண சிமுலேஷனில் கேட்டுகளுக்கு (சுற்றின் சிறு தர்க்க அலகுகள்) தாமதமே கிடையாது. டைமிங் கருவி உள்ளீடே கேட்காது. கிளாக் துடிப்பில் ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் அலகு ஃப்ளிப்ஃப்ளாப். ஒரு ஃப்ளிப்ஃப்ளாப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு பாதையிலும் கேட், வயர் தாமதங்களைக் கூட்டி, கிளாக்கோடு ஒப்பிடும்.

அது பார்ப்பது இரண்டு விஷயம். பிள்ளைகளுக்குக் கன்னியாகுமரி படகுத்துறையை வைத்துத்தான் சொல்வேன்: படகு கிளாக் துடிப்பு, பயணி தரவு. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கு வாசல் மூடும் முன் துறைக்கு வந்துவிட வேண்டும், அது செட்டப். அடுத்த படகுக்கு வர வேண்டியவர் ஓடி வந்து, வாசல் முழுசாக மூடுவதற்குள் இந்தப் படகிலேயே ஏறிவிடக் கூடாது, அது ஹோல்டு. படகுகளுக்கு இடையே நேரத்தைக் கூட்டினால் தாமதமாக வருபவர் தப்பிப்பார். சீக்கிரம் வந்து நுழைபவருக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. அதனால்தான் செட்டப் பிழையோடு வந்த சிப்பைக் கிளாக்கைக் குறைத்தாவது ஓட்டிவிடலாம். ஹோல்டு பிழையோடு ஃபேப்பிலிருந்து (சிப் தொழிற்சாலை) வந்த சிப்புக்கு அந்த வழியும் கிடையாது. ஃப்ளிப்ஃப்ளாப்புகளுக்கு இடையே 0.08 நானோ நொடித் தாமதம்தான், ஹோல்டுக்கு 0.05 வேண்டும், கிளாக் அந்தப் பக்கம் 0.12 பிந்தி வருகிறது என்றால், மிச்சம் மைனஸ் 0.09. இந்தக் கணக்கில் கிளாக் வேகம் எங்கேயாவது வருகிறதா பாருங்கள்.

மாணவியின் போர்டில் 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக், அதாவது 10 நானோ நொடி. ஹாஷை எடுத்து மறுபடி ஓட்டியதும் செட்டப்பில் மைனஸ் 2.9 வந்தது. பெருக்கலும் அதன் பின்னால் நீண்ட கூட்டல் வரிசையும் ஒரே கிளாக்குக்குள் முடிய வேண்டும் என்று எழுதியிருந்தார். செட்டப்புக்குக் கருவி மிக மெதுவான நிலையை வைத்துக் கணக்கிடும், அதனால் குளிர்ந்த லேபில் அந்தச் சுற்று எப்படியோ தப்பித்திருக்கிறது. பொதுவாக, சூடு ஏறினால் கேட்டுகள் மெதுவாகும். (குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் புதிய தொழில்நுட்பங்களில் இது தலைகீழாகவும் நடக்கும். ஆகவே சிப் வேலையில் சூடு, குளிர் இரண்டு எல்லை நிலைகளையும் பார்த்தே ஆக வேண்டும்.)

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு ஒரு பழக்கம். சிவப்பு வந்ததும் அந்தப் பாதையை 'ஃபால்ஸ் பாத்' (சோதிக்க வேண்டாத பாதை) என்று அறிவித்துவிடுவது. ரிப்போர்ட் சுத்தமாகிவிடும், சுற்றில் பிழை அப்படியே இருக்கும். அந்தப் பாதையில் உண்மையிலேயே தரவு போகாது, அல்லது போனாலும் நேரம் பொருட்டல்ல என்று ஒரு வரியில் காரணம் எழுத முடிந்தால் மட்டும் போடுங்கள். இரண்டு கிளாக் அவகாசம் தரும் 'மல்ட்டிசைக்கிள்' கட்டளையிலும் ஒரு பள்ளம் உண்டு. செட்டப்புக்கு 2 என்று கொடுத்தால் ஹோல்டு சோதனையும் ஒரு கிளாக் தள்ளிப் போய்விடும். ஹோல்டுக்கு 1 என்று தனியாகக் கொடுக்காவிட்டால், இல்லாத பிழையைச் சரிசெய்ய கருவி, தாமதம் கூட்டும் பஃபர்களை அடுக்கிக்கொண்டே போகும்.

பெரிய நிறுவனங்களில் பிரைம்டைம், டெம்பஸ் போன்ற கருவிகளுக்கு லைசென்ஸ் வாங்குகிறார்கள், மாணவர்கள் கைக்கு அவை எட்டாது. ஆனால் ஓபன்எஸ்டிஏ இலவசம். 2018-இல் தொடங்கிய, சிப் வடிவமைப்புக்கான ஓபன்ரோடு திட்டத்துக்குள் டைமிங் கணக்கிடுவது அதுதான். 2020-இல் கூகுளும் சிப் தயாரிக்கும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் செல் (தயார் கேட்டுகள்) கோப்புகளைத் திறந்துவிட்டன. தக்கலையில் ஒரு பழைய லேப்டாப் போதும். ஓபன்எஸ்டிஏவில் 'செக் செட்டப்' கட்டளையை முதலில் ஓட்டுங்கள். கிளாக் வராத ஃப்ளிப்ஃப்ளாப்புகளையும் கட்டுப்பாடு இல்லாத முடிவிடங்களையும் அது எண்ணிச் சொல்லும். விவாடோவில் அதே வேலைக்கு 'செக் டைமிங்'. அந்த எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கிடைத்த பிறகுதான் நான் மிச்ச நேரத்தையே பார்ப்பேன்.

அந்த மாணவி பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் நடுவில் ஒரு ரெஜிஸ்டர் (ஃப்ளிப்ஃப்ளாப்) வரிசை வைத்தார். விடை ஒரு கிளாக் பிந்தி வந்தது, மிச்சம் பிளஸ் 0.6 ஆனது. கிளம்பும்போது வாசலில் நின்று, "ரீசெட் லைனுக்கு ஃபால்ஸ் பாத் போட்டிருக்கேன் சார், அது செரிதானா?" என்று கேட்டார். மறுபடி உள்ளே வரச் சொல்லி லேப்டாப்பைத் திறந்தோம்.