இம்பேல்மென்ட்: கழுவேற்றம் அன்று, இருபாகச் சின்னம்

“1599-இல் ஷேக்ஸ்பியர் குடும்பம், தாய்வழி ஆர்டன் சின்னத்தைக் கழுவேற்ற அனுமதி கேட்டது.” சொற்கள் சற்று முன்பின்னாக மாறினாலும், இப்படியொரு வாக்கியத்தை அண்மையில் மூன்றாம் முறையாகப் படிக்க நேர்ந்தது. கேடயத்தில் பொறிக்கும் குலச்சின்னங்களைப் பற்றிய ‘இம்பேல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் இப்படிக் கழுவேற்றமாக்கிவிட்டார்கள். இனியும் பேசாதிருக்க மனம் ஒப்பவில்லை.

இலத்தீனில் ‘பாலுஸ்’ என்றால் நட்ட முளை. அதன்வழி வந்த ‘பேல்’ என்ற சொல், வேலிக் கம்புக்கும் கேடயத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பட்டைக்கும் பெயராயிற்று. கேடயத்தை நெடுக இரண்டாக வகுத்து, வலப்பாதியில் கணவனின் குலச்சின்னத்தையும் இடப்பாதியில் மனைவியின் பிறந்தகத்துச் சின்னத்தையும் பொறிப்பதே இம்பேல்மென்ட். கூரிய மரத்தில் ஆளைச் செருகும் தண்டனைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் உண்டு. வேர் ஒன்று என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் வேர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. தமிழில் கழு என்றதும் மதுரையில் சமணர் கழுவேறிய கதையும், தென்மாவட்டத்து ஊர்களில் இன்றும் நிற்கும் கழுமரங்களும்தாம் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லைக் கொண்டு ஒரு திருமணத்தை எந்த வாசகருக்கும் உணர்த்த முடியாது.

கழுவேற்றத்தைத் தவிர்ப்பவர்கள் ‘இணைச்சின்னம்’ என்று எழுதுகிறார்கள். கேட்க இனிமையான சொல்தான். ஆயினும் அதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரே கேடயத்தில் சின்னங்களைச் சேர்க்கும் முறை ஒன்று மட்டும் அன்று. கேடயத்தை நான்காக வகுத்து, தந்தைவழிச் சின்னத்தையும் தாய்வழிச் சின்னத்தையும் மாறிமாறிப் பொறிக்கும் நாற்கூறும் இணைப்புத்தான். இம்பேல்மென்ட் கணவன் மனைவி என்ற உறவைச் சொல்கிறது. நாற்கூறு, உடன்பிறந்த ஆண்வாரிசு இல்லாத பெண்ணின் சின்னத்தை அவள் பிள்ளைகள் உரிமையாகப் பெற்றதைச் சொல்கிறது. கல்லறைப் பலகையைப் பார்த்து வமிசம் தேடுபவருக்கு இந்த வேறுபாடே உயிர்நாடி. இணைச்சின்னம் என்ற சொல் அதை அழித்துவிடுகிறது. தமிழ் வாசகருக்கு வேறொரு மயக்கமும் உண்டு: இணைச்சின்னம் என்றால் சோழர் செப்பேட்டு முத்திரை நினைவுக்கு வரலாம்; அதில் புலியோடு கயலும் வில்லும் சேர்ந்து நிற்பது திருமண உறவால் அன்று, பாண்டியரையும் சேரரையும் வென்ற வெற்றியால்.

மேரி ஆர்டன், அதாவது ஷேக்ஸ்பியரின் தாயார், விஷயத்தில் சொல் துல்லியம் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அவர் தந்தை ராபர்ட் ஆர்டன் 1556 நவம்பர் 24 அன்று எழுதிய உயிலில், கடைசி மகள் மேரிக்கு வில்ம்கோட்டில் ஆஸ்பீஸ் என்னும் நிலத்தையும், அதில் விதைத்திருந்த பயிரையும், 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் ரொக்கத்தையும் எழுதிவைத்தார். மூத்த சகோதரிகள் பலர் இருந்தும், குலச்சின்னம் வழங்கும் 1596-ஆம் ஆண்டு வரைவு மேரியை ராபர்ட்டின் ‘மகளும் வாரிசும்’ என்கிறது. 1599-ஆம் ஆண்டு வரைவு ‘வாரிசுகளுள் ஒருவர்’ என்று திருத்திக்கொள்கிறது. இந்த இரண்டாம் வரைவில், பார்க் ஹால் ஆர்டன்கள் என்ற கிளையினரின் கட்டமிட்ட பட்டையை முதலில் வரைந்து, அடித்துவிட்டு, சிறு சிலுவைகள் கொண்ட பழைய ஆர்டன் சின்னத்தைப் பதிலாக வரைந்திருக்கிறார்கள். மேரி எந்த ஆர்டன் கிளை என்ற கேள்வி முழுவதும் அந்த அடித்தலில் அடங்கியிருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட ஆவணத்தை, அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டி மொழிபெயர்ப்பது அநியாயம்.

நான் முன்வைக்கும் சொல் ‘இருபாகச் சின்னம்’. வினையாக வரும்போது, ‘மனைவியின் சின்னத்தை இடப்பாகத்தில் சேர்த்தல்’ எனலாம். உமையொருபாகன் திருவுருவை அறிந்த நமக்கு இதைவிடத் தெளிவான சொல் வேண்டியதில்லை. அங்கும் வலப்பாகம் ஈசனுக்கு, இடப்பாகம் அம்மைக்கு. இன்னொரு பொருத்தமும் உண்டு: இடம் வலம் என்று நாம் சொல்வது திருமேனியின் இடம் வலமே, எதிரில் நின்று வணங்குபவருடையது அன்று, கேடயத்திலும் ஏந்தி நிற்பவரின் கையை வைத்தே பக்கம் சொல்வார்கள். இடப்பக்கத்தைக் குறிக்கும் ‘சினிஸ்டர்’ என்ற இலத்தீன் சொல்லைத் ‘தீய பக்கம்’ என்று பெயர்த்திருந்த ஒரு மொழிபெயர்ப்பையும் பார்த்திருக்கிறேன். மனைவியின் குலம் தீய பக்கத்தில் நிற்பதாகப் படித்த வாசகர் அந்தப் பெண்ணைப் பற்றி என்ன நினைப்பார்?

ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஷேக்ஸ்பியரின் நினைவுச்சின்னத்து உச்சியில் இருப்பது ஷேக்ஸ்பியர் குடும்பத்தின் ஈட்டி மட்டும் பொறித்த தனிச் சின்னம். ஆர்டன் சிலுவைகள் அங்கே இல்லை. அதே கோயிலில், 1635-இல் இறந்த மருமகன் ஜான் ஹாலின் கல்லில் இருப்பதோ இருபாகச் சின்னம்: வலப்பாகத்தில் ஹால் குடும்பத்தின் மூன்று வேட்டைநாய்த் தலைகள், இடப்பாகத்தில் மனைவி சுசானா கொண்டுவந்த ஈட்டி.