இரண்டு தடுப்பூசிகள் கலந்து உருவான வைரஸ்

1980களின் கடைசியில் அமெரிக்கப் பன்றிப் பண்ணைகளில் சினைப் பன்றிகளுக்குக் கடைசி மாதத்தில் கரு கலைந்தது, பிழைத்துப் பிறந்த குட்டிகளும் மூச்சுத் திணறிச் செத்தன. காரணம் தெரியாமல் மர்ம நோய் என்றே சொல்லிவந்தார்கள். ஐரோப்பாவிலும் அதே கதைதான். 1991-ல் நெதர்லாந்தின் லேலிஸ்டாட்டில் வைரஸ் பிடிபட்டது, கொஞ்ச நாளில் அமெரிக்காவிலும். நோய்க்கு பிஆர்ஆர்எஸ் என்று பெயர், அதாவது பன்றிகளின் இனப்பெருக்க, சுவாச நோய்க்குறி. நோய் அச்சு அசல் ஒன்றுதான், ஆனால் இரண்டு வைரஸ்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டால் சுமார் 60 சதவீதம்தான் பொருந்தியது! இன்றைக்கு அவை தனித்தனி இனங்கள்.

ஒவ்வொன்றுக்குள்ளும் எண்ணற்ற ரகங்கள் வேறு. பிஆர்ஆர்எஸ் வைரஸின் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ இழை சுமார் 15,000 எழுத்து நீளம். தூரத்துச் சொந்தமான கொரோனா வைரஸுக்கு ஆர்என்ஏ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் படியெடுக்கும்போது பிழை திருத்த அதனிடம் ஒரு நொதி உண்டு. பிஆர்ஆர்எஸ் வைரஸிடம் அது கிடையாது, அதனால் பிழைகள் அப்படியே தங்கிவிடுகின்றன. பண்ணையிலோ எதிர்ப்புச் சக்தி இல்லாத புதுக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கும், வைரஸ் ஓய வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் கலப்பு. ஒரே செல்லுக்குள் இரண்டு ரகங்கள் புகுந்தால், படியெடுக்கும் நொதி ஒன்றின் இழையில் பாதி வழி போய்விட்டு மற்றதின் இழைக்குத் தாவிவிடும், விளைவு இரண்டும் கலந்த புது வைரஸ். 2019-ல் டென்மார்க்கில் விந்து சேகரிக்கும் ஓர் ஆண் பன்றி நிலையத்தில் இப்படிப்பட்ட ஒன்று புகுந்து, விந்து வழியாகப் பல பண்ணைகளுக்குப் போனது. அதன் பெற்றோர் யார் என்று பார்த்தால், இரண்டு உயிருள்ள தடுப்பூசிகளில் இருந்த, வீரியம் குறைத்த வைரஸ் ரகங்கள்!

அதற்காகத் தடுப்பூசியே வேண்டாம் என்பது அபத்தம். அது நோயின் கடுமையைக் குறைக்கிறது. ஆனால் ஒரு ரகத்துக்கான பாதுகாப்பு இன்னொரு ரகத்திடம் ஓரளவுக்குத்தான் எடுபடும். 2006-ல் சீனாவில் கடும் காய்ச்சலோடு கிளம்பிய ரகம் பெரிய பன்றிகளையும் கொன்றது, அதன் நெருங்கிய உறவு 2013-ல் மிசோரம் வரைக்கும் வந்துவிட்டது.

வைரஸ் எத்தனை வேஷம் போட்டாலும், நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்லுக்குள் நுழைய அதற்கு சிடி163 என்ற புரதம் தேவை. அந்தப் புரதத்தில் வைரஸுக்குத் தேவையான சின்னப் பகுதியை மட்டும் ஜீன் எடிட்டிங் மூலம் நீக்கிய பன்றிகளுக்கு இரண்டு இனங்களுமே தொற்றுவதில்லை. 2025-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அவற்றை அனுமதித்துவிட்டது.