வழியில் இறங்கிய பிறசர்

"அம்புலன்சுக்குள்ள 80 எண்டவை டொக்டர். இப்ப 118 தானே, அப்ப பயமில்லை என்ன?"

விபத்துப் பிரிவு வாசலில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பயம் இருக்கிறது. காயப்பட்டவரின் மேல் பிறசர் (இரண்டு இலக்கத்தில் பெரியது) வழியில் ஒரு தடவை 90இற்குக் கீழே போயிருந்தாலே, வேறு காரணம் உறுதியாகும் வரை அவர் உள்ளுக்குள் இரத்தம் இழக்கிறார் என்றுதான் நாங்கள் எடுப்போம்.

இருபத்தைந்து வயதுப் பெடியன் ஒன்றரை லீற்றர் இரத்தம் போகும் வரைக்கும் பிறசரை விடாமல் பிடித்திருப்பான். நாடி மட்டும் 120இல் ஓடும், கைகால் குளிர்ந்து வியர்க்கும். பிறசர் விழும்போது மூன்றிலொரு பங்கு இரத்தம் போய்விட்டிருக்கும். பிறகு சேலைன் ஏற்றினால் இலக்கம் ஏறும்தான். உடைந்த குழாயை அடைக்காமல் தாங்கிக்குத் தண்ணீர் இறைத்தாலும் மட்டம் ஏறும். அதைப் பார்த்து நிம்மதியடையலாமா?

"பயத்தில இறங்கினது" என்பது அடுத்த சமாதானம். அதை றோட்டில் நின்று தீர்மானிக்காதீர்கள். மெசினையும் குறை சொல்ல வேண்டாம். பிறசர் நன்றாக இறங்கியவரில் தானியங்கி மெசின் பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும்.

பனையால் விழுந்தவரின் இடுப்பெலும்புக்குள்ளும், மோட்டார் சைக்கிளில் முறிந்த தொடைக்குள்ளும் ஒரு லீற்றருக்கு மேல் தேங்கலாம், வெளியே ஒரு துளி தெரியாது. (இளைய வைத்தியர்களுக்கு: தலைக்காயம் மட்டும் வளர்ந்தவரின் பிறசரை இறக்குவது அரிது. வயிற்றையும் இடுப்பையும் பாருங்கள். அந்த ஒரு இறக்கமே அடிபட்ட மூளையை இரண்டாம் தடவை கெடுக்கும்.)

முதியவர்களில் 110இற்குக் கீழ் என்றாலே எச்சரிக்கை. அட்டெனோலோல் (நாடியைக் குறைக்கும் பிறசர்க் குளிசை) போடுபவருக்கு நாடியும் ஏறாது, ஆகவே என்ன குளிசை போடுகிறார் என்று கட்டாயம் சொல்லுங்கள்.

1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், நின்றதா என்று தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டாம். நேராகக் கிடத்திப் போர்த்துங்கள். இடுப்பு நோகிறது என்பவரை ஓட்டோவுக்குள் மடித்து ஏற்றாதீர்கள். சோடா, தேத்தண்ணி ஒன்றும் வேண்டாம், சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

தயவுசெய்து, வழியில் எடுத்த ஆகக் குறைந்த பிறசரையும் நேரத்தையும் வந்தவுடனே சொல்லுங்கள். சின்ன ஆஸ்பத்திரியில் தந்த ரான்ஸ்பர் கடிதத்தைச் சேட்டுப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு மூன்றாம் நாள் வாட்டில் எடுத்து நீட்டாதீர்கள்.