சொல் விளக்கம்: மாற்று வரலாறா, தலைகீழ் வரலாறா?

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் பார்ப்போம். ஒருமுறை வாட்ஸ்அப் அழைப்பில் 'மாற்று வரலாற்றுப் படம்' என்று போட்டுவிட்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நோட்டுப்புத்தகத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நம் தொழிலாளர்களின் எழுதப்படாத கதை என்று நினைத்திருக்கிறார். திரையில் ஓடியதோ, கறுப்பர்கள் மாளிகையிலும் வெள்ளையர்கள் ஏழைக் குடியிருப்பிலும் வாழும் அமெரிக்கா. "என்ன தம்பி, அத்தைக்கு மீசை முளைச்ச கதையால்ல இருக்கு?" என்றார்.

அவரை ஏமாற்றியது நான் போட்ட சொல்தான். மாற்றுத் துணி, மாற்று வழி என்னும்போது அந்தத் துணியும் வழியும் உண்மையிலேயே இருக்கின்றன. அதேபோல் 'மாற்று வரலாறு' என்றால், நடந்ததையே அடித்தட்டு மக்களின் பக்கமிருந்து சொல்வது என்றுதான் நம் கட்டுரைகளில் பொருள். ஆங்கிலத்தின் 'ஆல்டர்னேட் ஹிஸ்டரி' வேறு. நடக்காதது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனை அது. பிரெஞ்சு மெய்யியலாளர் ஷார்ல் ரெனுவியே 1876இல் வெளியிட்ட நூலுக்கு 'யூக்ரோனி' என்று பெயர் வைத்தார். தாமஸ் மோர் 1516இல் தந்த 'யுடோப்பியா', இல்லாத இடம். இது இல்லாத காலம். கிரேக்கத்தில் 'க்ரோனோஸ்' என்றால் காலம்.

தமிழில் 'நடவா வரலாறு' எனலாம். 'ஓடாக் குதிரை' என்று பள்ளியில் படித்த ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழாமல் இருந்திருந்தால் என்று தொடங்கும் கதை நடவா வரலாறு. இவ்வகைக் கதைக்கு, பாதை பிரியும் ஓர் இடம் வேண்டும். சங்கப் பாடல்களில் அதற்கு அழகான சொல் உண்டு: கவலை. கிளை பிரியும் வழி என்று பொருள். எந்த வழியில் போவது என்று திகைத்து நின்றவர்களுக்குத்தான் இன்றைய கவலை வந்ததோ என்னவோ!

நாங்கள் பார்த்த படத்தில் அந்தக் கவலையே இல்லை. 1995இல் வந்த 'ஒயிட் மேன்ஸ் பர்டன்', டெஸ்மண்ட் நக்கானோ இயக்கியது. 'வெள்ளையனின் சுமை' என்று பொருள். ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங் 1899இல் எழுதிய ஏகாதிபத்தியக் கவிதையின் தலைப்பையே எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஜான் டிரவோல்டா ஆலைத் தொழிலாளி, ஹாரி பெலஃபான்டே பணக்கார முதலாளி. உலகம் எப்போது, எப்படிப் புரண்டது என்று படம் சொல்வதில்லை. ஆகவே இதை நடவா வரலாறு என்பதும் முழுக்கப் பொருந்தாது. 'தலைகீழ் வரலாறு' என்பதே சரி.

'வேட மாற்றம்' என்று ஒரு நண்பர் சொல்லிப் பார்த்தார். எனக்கு ஒப்பவில்லை. ஜூலை 21, சிங்கப்பூரின் இன நல்லிணக்க நாளில் என் மகள் சீனப் பெண்களின் உடையான சியோங்சாம் அணிந்து போவாள், அவளுடைய சீனத் தோழி பாவாடை சட்டையில் பொட்டு வைத்துக்கொண்டு வருவாள். அது வேட மாற்றம். இந்தப் படங்களில் இடம் மாறுவது அதிகாரம்.

சர்ச்சையும் அங்கேதான் பிறக்கிறது. அடிமை முறை, காலனி ஆட்சி என்ற காரணங்களைக் கழற்றிவிட்டு நிறத்தை மட்டும் புரட்டினால், 'யார் கையில் அதிகாரம் வந்தாலும் இப்படித்தான்' என்று தோன்றிவிடும். செய்தவர் பழியிலிருந்து நழுவிவிடுவார். டிரவோல்டா படத்தில் எனக்கு உறுத்தியது அதுதான்.

அடுத்த மாதம் 'தலைகீழ் வரலாறு' என்றே அழைப்பு அனுப்பி, 1986இல் வந்த 'பபாக்கியூரியா' என்ற ஆஸ்திரேலியக் குறும்படத்தைப் போட்டோம். சீருடை அணிந்த பூர்வகுடிகள் படகில் வந்து இறங்குகிறார்கள். கரையில் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கும் வெள்ளையர்களிடம் இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்கிறார்கள். 'பார்பிக்யூ ஏரியா' என்று பதில் வருகிறது. அதுவே நாட்டின் பெயராகிவிடுகிறது. பெரியவர் குலுங்கிச் சிரித்தார். ஒரு வெள்ளைக் குடும்பத்தின் மகளை அரசு பிரித்துக்கொண்டு போகும் காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இது நெசமா நடந்துச்சா தம்பி?"

"நடந்தது ஐயா. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு."

நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார்.